புள்ளிகள் உணர்த்தும் வடிவம்



சொல்லப்பட்ட சிலவற்றைக் கொண்டு சொல்லப்படாத முழுமையை உணர்வது கவிதை வாசகரின் கடமை. உள்ளுறை, இறைச்சி எனத் தமிழ் மரபு இதனை வகுத்துரைத்தது. இவ்வினாவைக் கணிதமும் எழுப்பியுள்ளது. ஒரு வடிவத்தின்மேல் ஆங்காங்கே எடுத்த புள்ளிகள் மட்டுமே கையில் உள்ளன. வடிவம் கண்ணுக்குப் புலனாகவில்லை. அதனை மீட்க இயலுமா?

இங்கு வடிவம் என்பது நீளத்தையோ கோணத்தையோ குறிப்பதன்று. வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளையே இடவியல் என்னும் துறை ஆராய்கிறது. ஒரு பொருள் எத்தனை துண்டுகளாக உள்ளது, எத்தனை துளைகளை உடையது என்பனவே அதன் வினாக்கள். அத்துறையின் நோக்கில் வளையலும் உளுந்துவடையும் ஒன்றே.

புள்ளிகளின் கூட்டம் வெறும் சிதறல். ஆதலின் ஒவ்வொரு புள்ளியையும் மையமாகக் கொண்டு ஓர் உருண்டையை வளர்க்கின்றனர். ஆரம் மிகச் சிறிதாயின் உருண்டைகள் தனித்தனியே நிற்கும். மிகப் பெரிதாயின் உண்மையான துளையும் தூர்ந்துபோகும். புள்ளிகள் போதிய நெருக்கமாக இருப்பின், இடைப்பட்ட ஆரத்தில் மூல வடிவத்தின் துண்டுகளும் துளைகளும் வெளிப்படும்.

எத்தனை புள்ளிகள் போதும்? பார்த்தா நியோகி, ஸ்டீஃபன் ஸ்மேல், ஷ்முவேல் வைன்பெர்கர் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை கூறிற்று. வடிவத்தின் பரப்பு, அது தன்னைத்தானே எவ்வளவு நெருங்கி வளைகிறது என்னும் அளவு, நாம் வேண்டும் உறுதி ஆகியவற்றால் அவ்வெண்ணிக்கை அமையும். நுண்ணிய வளைவுகளையுடைய வடிவம் மிகுதியான புள்ளிகளைக் கேட்கும்.

வளைவின் அளவு தெரியாதபோது எந்த ஆரத்தைத் தேர்வது? எடெல்ஸ்ப்ரன்னர், லெட்ஷர், சொமொரோடியன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழி காட்டியது. ஓர் ஆரத்தைத் தேர்வதற்கு மாறாக, ஆரம் வளர வளர ஒவ்வொரு துளையும் எப்போது தோன்றி எப்போது மறைகிறது எனக் குறித்துவைப்பதே அவ்வழி. நெடிது நிலைப்பது வடிவத்தின் இயல்பு எனக் கொள்ளப்படும். விரைவில் மறைவது பெரும்பாலும் தற்செயல்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்று, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய நியோகி, மொழி கற்றலையும் மொழி மாற்றத்தையும் கணித நோக்கில் ஆராய்ந்து 2006இல் ஒரு நூலும் அளித்தவர். சில தொடர்களையே கேட்கும் குழந்தை எல்லையற்ற மொழியை எவ்வாறு எய்துகிறது என்பது அவரை ஆட்கொண்ட வினா. நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, 2010இல் அவர் மறைந்தார்.

திறனாய்வுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அடிகளைத் தனித்தனியே பொருள் கொள்வோர் முழுமையை இழப்பர். ஒவ்வோர் இடைவெளியையும் தம் விளக்கத்தால் நிரப்புவோர் கவிஞர் கருதி விட்ட மௌனத்தையே தூர்த்துவிடுவர். நெருங்கியும் விலகியும் பலமுறை பயிலும்போது எது நிலைக்கிறதோ அதனையே கவிதையின் வடிவம் எனத் துணியலாம். அத்துணிவும் புள்ளிகள் போதிய அளவு இருக்கும் வரையில்தான்.