விண்ணப்பத்தில் ஒரு கட்டம்



அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம், நீங்கள் எந்த இனம் என்று ஒரு கேள்வி கேட்கப்படும். வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர், ஹிஸ்பானியர், பூர்வகுடி என்று கட்டங்கள் இருக்கும். குறிக்கலாம், குறிக்காமலும் விடலாம். இந்தக் கட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வைத்துத்தான் அந்த நாட்டில் அரை நூற்றாண்டாக வழக்கு நடந்தது. அங்கே இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் அந்தக் கவலையிலிருந்து தப்பவில்லை. 'ஆசியர்' என்று குறித்தால் பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போகுமோ என்று கேட்கிறார்கள்.

நமக்கு இடஒதுக்கீடு என்றால் சதவீதக் கணக்கு. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குத் தொடுத்தார். இத்தனை இடம் என்று ஒதுக்கக் கூடாது, ஆனால் பல விஷயங்களோடு இனத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று 1978இல் தீர்ப்பு வந்தது. கட்டத்தைக் குறித்துவிட்டால் இடம் உறுதி என்ற நிலை அதற்குப் பிறகு அங்கே இருந்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பிப்போரில் பெரும்பாலோருக்கு இடம் கொடுப்பவை. சண்டையெல்லாம் நூற்றுக்குச் சிலரை மட்டும் எடுக்கும் ஒருசில கல்லூரிகளைப் பற்றியது. அப்படியானால் இத்தனை பெரிய வழக்கு எதற்கு? அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஹார்வர்டு அல்லது யேல் சட்டப் பள்ளியில் படித்தவர்கள். அதிகாரம் அந்த வாசல்கள் வழியாகத்தான் போகிறது.

2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்கில், சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதே கூடாது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 13 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் 11இலிருந்து 3. ஆனால் யேலில் 14 சதவீதம் அப்படியே நின்றது. ஆசியருக்கு லாபமா? எம்.ஐ.டி.யில் அவர்கள் பங்கு 40ஐ ஒட்டிய நிலையிலிருந்து 47 ஆக உயர்ந்தது. யேலில் 30இலிருந்து 24 ஆகக் குறைந்தது. ஆக, நம் பெற்றோர் அஞ்சிய கணக்கும் சரியில்லை, எதிர்பார்த்த கணக்கும் சரியில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டெக்சாஸ் செய்த வேலை. 1996இல் ஒரு நீதிமன்றம் அந்த மாநிலத்தில் இனம் பார்ப்பதைத் தடுத்தது. மறு ஆண்டே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. எந்தப் பள்ளியாக இருந்தாலும், அதன் வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. அங்கே யார் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் இனத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. அதனால் மெக்சிகோ எல்லையோரச் சிற்றூர்ப் பள்ளியிலும், ஹூஸ்டனின் கறுப்பினக் குடியிருப்புப் பள்ளியிலும் முதலில் வந்த பிள்ளைகள் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குள் வந்தார்கள். வெள்ளையர் வாழும் குக்கிராமத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். அதுவரை ஒருவரைக்கூட அங்கே அனுப்பியிராத பள்ளிகள் அனுப்பத் தொடங்கின. இடம் நிரம்பி வழிந்ததால் 2009இல் வரம்பு வைக்க வேண்டி வந்தது. 2020இல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கியபோது, அதிலும் இதே நியாயம்தான் இருந்தது: மதிப்பெண்ணைப் பார்க்கும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்வர்டு வழக்கில் வெளியான ஆவணங்களைப் பாருங்கள். 2014 முதல் 2019 வரை பட்டம் பெற வேண்டிய வகுப்புகளில், பெற்றோர் அங்கே படித்திருந்தால் விண்ணப்பித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. 2023இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, ஒரே மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், நடுத்தரக் குடும்பத்தவரைவிடப் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஹார்வர்டு போன்ற கல்லூரிகளுக்குள் போகிறார்கள் என்று காட்டியது. அடிமை முறையும் இன ஒதுக்கலும் மூடிவைத்த கதவைக் கொஞ்சம் திறந்த சலுகை பறிபோயிற்று. தாத்தாவும் அப்பாவும் படித்ததற்காகப் பேரனுக்குக் கிடைக்கும் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. இது அநியாயம். கலிபோர்னியா மாநிலம் 2024இல் தனியார் கல்லூரிகளிலும் இந்த வாரிசுச் சலுகையைத் தடை செய்து சட்டம் இயற்றியிருக்கிறது. மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டும்.

உங்கள் அக்கா மகனோ தம்பி மகளோ அமெரிக்காவில் படிக்கலாம். விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காத அன்று, கறுப்பினப் பிள்ளை ஒன்று உன் இடத்தை எடுத்துக்கொண்டது என்று மட்டும் யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.