முதுகெலும்பு ஆபரேஷனும் வலி மாத்திரைகளின் கணக்கும்

(சங்கத்தின் மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஒரு வருஷத்தில் நம் அங்கத்தினர்களில் நாலு பேருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்த நால்வரில் அடியேனும் ஒருவன். அதனால்தான் காரியதரிசி என்னைப் பேசச் சொன்னார். நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். ஆகவே இந்த மருந்துகள் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பதை மட்டும் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எது, எத்தனை நாள் என்பதை உங்கள் சர்ஜன் சொல்ல வேண்டும்.

நம்மவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "மாத்திரையே வேண்டாம், பொறுத்துக் கொள்கிறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும். மாமிகளில் பெரும்பாலோர் இந்தக் கட்சி. இன்னொரு கட்சி, பக்கத்து ஃபிளாட்காரருக்குக் கேட்ட மாத்திரையைத் தானும் வாங்கி விழுங்கும். இரண்டுமே ஆபத்து. பொறுத்துக்கொள்வதில் என்ன தப்பு என்று கேட்கலாம். முதுகில் ஆபரேஷன் ஆனவர்களை இப்போதெல்லாம் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம், மலச்சிக்கல் நிச்சயம். ஆக, வலி மாத்திரை சொகுசுக்காக அல்ல, எழுந்து நடப்பதற்காக.

வலிக்குப் பழைய மருந்து அபினிதான். நான் உத்தியோக நிமித்தம் மத்தியப் பிரதேசத்தில் நீமச் என்ற ஊரில் மூன்று வருஷம் இருந்தேன். சர்க்காரின் அபினித் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. இன்னொன்று உத்தரப் பிரதேசத்தில் காஜிபூரில். நாம் பாயசத்தில் அரைத்து விடுகிறோமே கசகசா, அதே செடிதான். லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் பச்சைக் காயைக் கீறிவிட்டு, கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலை சுரண்டி எடுப்பார்கள். அந்தப் பாலிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. அதற்கு ஈடான வலி நிவாரணி இன்றும் குறைவு. ஆஸ்பத்திரியில் முதல் ஓரிரு நாள் அதைக் கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுபது வயதுக்கு மேல் அது தலைசுற்றல், மயக்கம், சித்தக் குழப்பம், சிறுநீர் இறங்காமை, மலச்சிக்கல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். புதிதாக ஆபரேஷன் ஆன முதுகோடு முக்குவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ட்ரமடால் என்ற மாத்திரையைச் சாதாரண வலி மாத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அபினி வகையைச் சேர்ந்ததுதான். 2018ல் நம் சர்க்கார் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பாரசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருவதால் அட்டையைப் படிக்காமல் தெரியாது.

1993ல் டென்மார்க்கைச் சேர்ந்த கெலட், டால் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டே போவதற்குப் பதில், வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தால் அபினியின் தேவை குறையும் என்பது அதன் சாரம். இன்று ஆஸ்பத்திரிகளில் நடப்பது பெரும்பாலும் இந்த வழிதான்.

இதில் அஸ்திவாரம் பாரசிட்டமால். "ஜுர மாத்திரைதானே" என்று நாம் அதை மதிப்பதில்லை. ஒரு வேளைக்குப் போட்டால் அதன் பலன் சுமார் நாலிலிருந்து ஆறு மணி நேரம். ஆகவே வலி வந்தபின் தேடி எடுப்பதைவிட, முதல் சில நாள் கடிகாரத்தைப் பார்த்து, டாக்டர் சொன்ன இடைவெளியில் போடுவதுதான் பயன். வலி முற்றியபின் அதை அடக்க அதிக மருந்து வேண்டியிருக்கும். என் சர்ஜன் ஆறு மணிக்கு ஒரு தரம் 650 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். ஒரு சதுரத்தாளில் வேளைகளைப் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஆபீஸ் புத்தி!

அந்தத் தாளின் லாபம் கூட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளொன்றுக்கு 4 கிராம். வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், லிவர் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர்கள் 3 கிராமிலோ அதற்குக் கீழேயோ நிறுத்துகிறார்கள். 650 நாலு தரம், 2600. கூடவே அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை இரண்டு வேளை என்றால் ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 325, ஆக 3250. நடுவில் ஜலதோஷம் என்று இரண்டு சளி மாத்திரை விழுங்கினால், அதிலும் பாரசிட்டமால் இருக்கும். நாலு கிராமைத் தொட்டுவிடுவோம், தாண்டியும் விடலாம். பாரசிட்டமாலின் ஒரு பகுதி லிவரில் விஷப் பொருளாக மாறுகிறது. அதை முறிக்கும் குளூட்டதயோன் பட்டினி கிடந்தால் குறைந்துவிடும். ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் ஆபரேஷன் ஆன மாதத்தில் அதை ஒத்திவைப்பதை பகவான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது என் அபிப்ராயம்.

அடுத்தது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எடோரிகாக்ஸிப் வகையறா. வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைப்பவை. நன்றாகக் கேட்கும், அதுதான் தொல்லையே. இவை உடம்பில் ப்ராஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் விஷயத்தில் இதை 1971ல் காட்டியவர் ஜான் வேன்; 1982ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ப்ராஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் உண்டாக்குவதில்லை. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதுவே, கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைத் திறந்து வைப்பதும் அதுவே.

நம் மும்பையில் மலபார் ஹில்லில் பார்சிகளின் மௌன கோபுரங்களுக்குக் கழுகுகள் வராமல் போனதை எல்லோரும் அறிவோம். டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று, கிட்னி கெட்டு அவை மாண்டன என்பது 2004ல் வெளியாயிற்று. 2006ல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. ஜடாயு வம்சத்துக்கு வந்த கதி! மனிதனுக்கு அந்த அளவு விஷமில்லை, வாஸ்தவம். ஆனால் அடி விழும் இடம் அதே கிட்னிதான்.

அதிலும் நம் வயதில் பாதிப் பேர் பி.பி.க்கு டெல்மிசார்டானோ ராமிப்ரிலோ போடுகிறோம். பலருக்கு அதிலேயே நீர் பிரியும் மருந்தும் கலந்திருக்கும். இந்த இரண்டோடு மூன்றாவதாக டைக்ளோஃபெனாக் வகை சேர்ந்தால் கிட்னிக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. நாக்பூரில் என் அத்திம்பேருக்கு ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஐந்து நாளைக்கு என்று எழுதியிருந்த மாத்திரையை ஆறு வாரம் போட்டார். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். காலில் வீக்கம், சாப்பாடு பிடிக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன் 1.1 இருந்த கிரியாட்டினின் 3.4க்குப் போய்விட்டது. மாத்திரையை நிறுத்தியபின் 1.6க்கு இறங்கியது, அதற்குக் கீழே இன்றுவரை வரவில்லை. முதுகு குணமாகிவிட்டது, கிட்னி டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய் வருகிறார்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த வகையால் வயிற்றில் ரத்தக் கசிவு அபாயம் அதிகம். இதயக் கோளாறு உள்ளவர்களும் கேட்டே போட வேண்டும். எலும்புகளைச் சேர்த்து ஒட்டவைக்கும் ஃப்யூஷன் ஆபரேஷன் என்றால், எலும்பு கூடுவதற்கும் ப்ராஸ்டாகிளாண்டின் தேவை என்று சில சர்ஜன்கள் இவற்றைத் தவிர்க்கிறார்கள். சிலர் சில நாளைக்கு அனுமதிக்கிறார்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர், பாதத்தில் ஊசி குத்தல், இது நரம்பு வலி. பாரசிட்டமாலுக்கு இது அவ்வளவாக மசியாது. இதற்கு கேபபென்டின், ப்ரீகாபலின் தருவார்கள். இரண்டும் கிட்னி வழியாக வெளியேறுபவை. கிட்னி மந்தமானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். அபினி வகையோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் என்று 2019ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இரவில் தலைசுற்றும். பாத்ரூமுக்கு விளக்கில்லாமல் எழுந்து போக வேண்டாம். ஒரே நாளில் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தசை பிடிப்புக்குத் தரும் மாத்திரைகளிலும் சிலவற்றுக்குத் தூக்கம் தள்ளும்.

ஆபரேஷனுக்கு முன்பே, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும், ஆயுர்வேதம், ஹோமியோபதி உள்பட, ஒரே காகிதத்தில் எழுதி மயக்க டாக்டரிடம் கொடுங்கள். கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அளவையும் எழுதுங்கள். வீட்டுக்கு வரும்போது, எந்த மாத்திரை எந்தத் தேதியோடு நிற்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி விடுங்கள்.

மாத்திரையால் அடக்கிப் பார்க்கக் கூடாத வலிகளும் உண்டு. ஜுரம், காயத்தில் கசிவு, காலில் புதிதாக பலமின்மை, மர்ம ஸ்தானத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போவது, கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத் திணறல் - இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டே பேர் என்கிறவர்கள் நம் சங்கத்தில் அதிகம். அவர்கள் இந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டி வைக்கவும்.

காபி ஆறுகிறது என்று காரியதரிசி சைகை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். நமஸ்காரம்.