ஓதமும் பூஞ்சணமும்: ராச்டேல் நகரம் கற்பிக்கும் பாடம்



இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரத்தின் பெயரை ஐக்கிய இயக்கத்தார் யாவரும் அறிவர். 1844-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி அந்நகரத்து எளிய தொழிலாளர் சிலர் ஒன்றுகூடி, கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர்.

அதே நகரத்தில், 2020-ஆம் வருஷம் அதே டிசம்பர் 21-ஆம் தேதி, இரண்டு வயது நிரம்பி எட்டே நாளான ஆண் குழந்தை ஒன்று மாண்டது. அது வளர்ந்த வாடகை வீட்டின் சமையலறையிலும் ஸ்நான அறையிலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தகப்பனார் 2017-லேயே முறையிட்டார். மேலே வர்ணம் பூசிக்கொள்ளும்படி விடை கிடைத்தது. நெடுநாள் பூஞ்சணத்தின் நடுவே வசித்ததால் நேர்ந்த கொடிய சுவாச வியாதியே மரணத்தின் காரணம் என்று, மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்புக் கூறினார்.

பூஞ்சணத்திற்கு வேர் ஈரம். ஒழுகும் கூரை, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம், வெளியேற வழியின்றித் தங்கும் சமையல் ஆவி ஆகிய இவற்றால் சுவர் நனைந்தே இருக்கும். அங்கே பூஞ்சணம் முளைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்விதைகளைக் காற்றில் பரப்பும். இருமல், இழுப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று முதலியன ஓதமுள்ள வீடுகளில் மிகுதி என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் எடுத்துரைத்தது. சிறு குழந்தைகளும் முதியோரும் ஆஸ்துமாக்காரரும் எளிதில் இதற்கு இரையாவர்.

ஈரத்தை நிறுத்தாமல் வர்ணம் பூசுவது புண்ணுக்குப் புனுகு பூசுவதை ஒக்கும். முதலில் ஒழுக்கை அடைத்தல் வேண்டும். பின் சுவரை உலர்த்தி, பூஞ்சணத்தைத் துடைத்து அகற்றல் வேண்டும். சமையலறைக்கும் ஸ்நான அறைக்கும் காற்றுப்போக்கி அவசியம்.

அக்குழந்தையின் மரணத்திற்குப் பின் 2023-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்தன. எளியோர்க்கு வாடகை வீடளிக்கும் இங்கிலாந்து ஸ்தாபனங்கள், அபாயமான ஓதம் பற்றிய முறையீட்டை 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும்; அபாயம் உறுதியானால், அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பத்திரமாக்க வேண்டும்; உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்திற்குள் செயல்பட வேண்டும்.

மூன்று வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த முறையீட்டிற்கு இவ்வாறு நாட்கணக்கு ஏற்பட்டது. வீடு கட்டும் சங்கமாயினும், கிடங்கு காக்கும் சங்கமாயினும், அங்கத்தினரின் முறையீட்டைத் தேதியிட்டுப் பதிந்து, தவணை குறித்து, நேரில் சென்று சுவரைத் தொட்டுப் பார்ப்பது பஞ்சாயத்தாரின் கடமையாகும். மாவில் கலப்படத்தைச் சகியாத இயக்கம், குழந்தை உறங்கும் அறையில் ஓதத்தைச் சகிக்கலாகாது.