மருந்துக் கொடையும் அபயக் கொடையும்

அருகன் திருவடி போற்றி. 

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் எனக் கொடையை நான்காக வகுத்தது சமண அறம். நோயுற்றார்க்கு மருந்தளித்தல் கொடை. அஞ்சும் உயிர்க்கு அடைக்கலம் அளித்தலும் கொடை. மருந்துக்காகவே ஓர் உயிர் அழிய நேரின், இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நிற்கும்? மூளை மருத்துவம் இவ்வினாவை அண்மைக் காலத்தில் நேருக்கு நேர் சந்தித்தது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, எழுத்துச் சிறுத்துப் போகிறது. தோலும் எலும்பும் தம் காயத்தைத் தாமே ஆற்றிக்கொள்ளும். மடிந்த இந்நரம்பணுக்களை மூளை மீண்டும் ஆக்கிக்கொள்வதில்லை. மாத்திரைகள் டோபமின் குறையை ஈடுசெய்யுமேயன்றி, இழந்த அணுக்களை மீட்பதில்லை.

1987ஆம் ஆண்டில் ஸ்வீடனின் லுண்ட் நகர மருத்துவர்கள், கலைக்கப்பட்ட கருவின் மூளைத்திசுவை நோயாளரின் மூளையில் பொருத்தத் தொடங்கினர். பின்னர் நோயாளர் சிலர் பல்லாண்டு நலம் பெற்றனர். ஆயினும் ஒருவர்க்கே பல கருக்களின் திசு வேண்டியிருந்தது. 1998இல் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்கள் பிரிக்கப்பட்டன. அவ்வழியிலும் கரு அழிந்தது.

ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா, நண்பரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைக் கண்டார். அதற்கும் தம் பெண்மக்களுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறிது என்று அப்போது உணர்ந்ததாகப் பின்னாளில் கூறியுள்ளார். கருவை அழிக்காத வழியொன்றை அவர் நாடினார். 2006இல் எலியின் தோலணுவிலும், 2007இல் மனிதத் தோலணுவிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கருவணு போன்ற தொடக்கநிலைக்குத் திருப்பினார். 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவ்வழியே, நலமுற்ற கொடையாளரின் குருதியணுக்களிலிருந்து நரம்பு முன்னணுக்கள் வளர்க்கப்பட்டன. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தாகாஹாஷி குழுவினர் 2018 முதல் ஏழு நோயாளர்க்கு அவற்றைச் செலுத்தினர். 2025இல் முடிவு வெளியாயிற்று. ஈராண்டுக் கண்காணிப்பில் கடுந்தீங்கு எதுவும் தோன்றவில்லை. பயன் ஆராயப்பட்ட அறுவருள் நால்வர்க்கு, மாத்திரையின் வலிமை நீங்கிய வேளையிலும் உடலியக்கம் மேம்பட்டிருந்தது.

எழுவரைக் கொண்ட ஆய்வு தொடக்கமே. நோய் ஒழிந்தது என்பதன்று. எனவே, குருத்தணுவால் எந்நோயும் தீரும் எனப் பெரும்பொருள் கேட்போரை நம்பி, முதியோரை ஒப்படைத்தல் தகாது. சிகிச்சை முறையான ஆய்வைச் சார்ந்ததா, அதற்கு அரசின் ஒப்புதல் உண்டா என்று வினவுதல் இல்லறத்தார் கடமை.

மற்றொன்றும் நினைவிற்குரியது. மனிதர்க்கு அளிக்கப்படுமுன் இவ்வணுக்கள் எலிகளிலும் குரங்குகளிலும் சோதிக்கப்பட்டன. கருக்கள் காக்கப்பட்டன, ஐயறிவுயிர்கள் இன்னும் காக்கப்படவில்லை. ஓர் அறிஞரின் இரக்கம் ஒரு வழியைத் திறந்ததெனில், எஞ்சிய துன்பத்தை நீக்கும் வழியும் இளைய தலைமுறையால் கண்டறியப்படலாம். அறிவியல் பயிலும் சமண இளைஞர் அப்பணியை மேற்கொள்வாராக.

அறம் ஓங்குக, எவ்வுயிரும் இன்புறுக.