பிடரிக்கு நல்லெண்ணெய்

கடலூரில் பஸ் ஏறுகிறோம். கையில் செல்போன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் போய்விடும். குனிந்த தலை நிமிராது. சிதம்பரத்தில் இறங்கினால் கழுத்து பிடித்திருக்கிறது.

தலை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் எலும்பு தாங்கும். குனிந்தால் பாரம் பிடரித் தசைக்கு. குடத்தை இடுப்பில் வைப்பதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டல்லவா? அன்றைக்கு நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்குங்கள். மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், நடு எலும்புக்கு இரண்டு பக்கமும் பள்ளம் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலால் மெதுவாக, வட்டமாக யாரையாவது தேய்க்கச் சொல்லுங்கள். அப்படியே தோள்பட்டை வரை. உச்சந்தலையில் தட்டுவது சுகம்தான். ஆனால் இறுக்கம் இருப்பது பிடரியில்.

ஒன்று மட்டும். சில சலூன்களில் மசாஜ் முடிந்ததும் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்புவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் ஒன்று கழுத்தெலும்பின் துளை வழியாகத்தான் போகிறது. அபூர்வமாக அது கிழிந்து, பக்கவாதமே வந்ததுண்டு. தேய்க்கலாம். திருப்பக் கூடாது.

கை மரத்துப்போகிறதா? எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.