சாஸ்திரியின் 19 மாதங்கள்



திருத்துறைப்பூண்டியிலிருந்து இன்று லால் பகதூர் சாஸ்திரியின் ஆட்சியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1964 ஜூன் 9ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றார். 1966 ஜனவரி 11 அதிகாலையில் தாஷ்கண்ட் நகரில் காலமானார். இடையில் இருந்தது 19 மாதங்கள். முன்னே நேருவின் 17 ஆண்டுகள், பின்னே இந்திரா காந்தியின் நீண்ட ஆட்சி. இரண்டுக்கும் நடுவில் வந்ததால் ஒரு முழக்கம், ஒரு போர் என்ற அளவில் பலரும் அவரை நினைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காவிரி டெல்டாக்காரர்களாகிய நாம் அப்படி நகர முடியாது. அவருடைய உள்நாட்டுக் கொள்கை நம் களத்துமேட்டுக்கு வந்தது. அவருடைய வெளிநாட்டுக் கொள்கை ராமேஸ்வரம் கரையில், மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கியது.

தமிழ்நாடு அவரை முதலில் அறிந்ததே ஒரு துயரத்தில்தான். 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில், மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி, பொறுப்பு என்னுடையது என்று பதவி விலகினார். எட்டு ஆண்டு கழித்து நேரு மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் கட்சித் தலைவர்களிடமும் எம்.பி.க்களிடமும் கருத்துக் கேட்டு, பெரும்பாலோர் சொன்ன பெயர் சாஸ்திரிதான் என்று அறிவித்தார். கேட்டு எடுத்த முடிவால் பிரதமரானவர் அவர்.

பதவியேற்றபோது நாட்டின் பெரிய கவலை சோறு. விலை ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வரும் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து ரேஷன் கடைகள் காத்திருந்தன. உருக்குத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த நம் சி. சுப்பிரமணியத்தை உணவு, விவசாயத் துறைக்கு மாற்றினார் சாஸ்திரி. பலரும் ஒதுங்கிப் போகும் துறை அது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் அவன் உரம் போடுவான், புது விதை வாங்குவான், விளைச்சல் கூடும் என்பது சுப்பிரமணியத்தின் வாதம். மத்திய அமைச்சரவையில் எதிர்ப்பு இருந்தும் சாஸ்திரி அவருக்குத் துணை நின்றார். 1965 ஜனவரியில் விவசாய விலைக் குழு அமைந்தது. அதே ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? நம் தஞ்சாவூரில்.

இது நமக்கு என்ன செய்தது என்பதற்குப் புத்தகம் வேண்டாம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் பக்கத்தில் உள்ள நெல் கொள்முதல் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். அம்பாரமாய்க் குவிந்த நெல், மேலே தார்ப்பாய். ஒரு கை நெல்லை அள்ளிக் கருவியில் போட்டு ஈரப்பதம் பார்ப்பார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் தூற்றி, எடை போட்டு, 40 கிலோ சிப்பமாகத் தைப்பார்கள். பனியில் ஈரம் ஏறினால் மறுபடி காய வைக்க வேண்டும். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, மழையில் மூட்டை நனைந்தது என்று ஆண்டுதோறும் குமுறுகிறோம். அந்தக் குமுறல் நியாயமானது. ஆனாலும் அறுவடைக்கு முன்பே அறிவித்த விலை ஒன்று நம் கையில் இருக்கிறது. கடனுக்குப் பயந்து, வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லைப் போட்டுவிட்டு வந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் நம் குறுவை வயல்களில் பரவத் தொடங்கியதும் சாஸ்திரியின் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான். விளைச்சல் பெருகியது. கூடவே உரமும் பூச்சிமருந்தும் பெருகின, பாட்டன் காலத்து விதைகள் மறைந்தன. மறைந்தவற்றைத் தேடிச் சேர்த்து, பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார் நெல் ஜெயராமன். பசியைத் தீர்த்த கொள்கைக்கும் ஒரு விலை இருந்தது என்பதை அந்தத் திருவிழாவில் விதை வாங்கிப் போன ஒவ்வொரு விவசாயியும் அறிவான்.

அடுத்தது மொழி. 1965 ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழ்நாடு கொந்தளித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சிலர் தீக்குளித்தார்கள். தொடக்கத்தில் டெல்லி காது கொடுக்கவில்லை. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகிய பிறகுதான் சாஸ்திரிக்கு நிலைமையின் கனம் புரிந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி இரவு, வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நாட்டுக்கு உறுதி கூறினார். 1967இல் அது சட்டமானது. தாமதம்தான், உயிர்கள் போன பிறகு வந்த தாமதம். ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவர் பிடிவாதத்தைக் கைவிட்டு மக்கள் குரலுக்கு இறங்கி வந்தது சிறிய காரியமன்று.

1965 போரைப் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். காஷ்மீருக்குள் பாகிஸ்தான் ஊடுருவல் நடந்ததும், செப்டம்பர் 6ஆம் தேதி லாகூர் முனையில் எல்லையைத் தாண்டும்படி ராணுவத்துக்கு சாஸ்திரி அனுமதி தந்தார். 23ஆம் தேதி போர் நின்றது. சோவியத் பிரதமர் கோசிகின் முன்னிலையில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோடு தாஷ்கண்ட் உடன்பாடு கையெழுத்தானது. ரத்தம் சிந்திப் பிடித்த ஹாஜிபீர் கணவாயைத் திருப்பிக் கொடுத்ததை நாட்டில் பலர் ஏற்கவில்லை. போரில் உறுதி, பேச்சுவார்த்தையில் நிதானம் என்று அதை நான் மதிக்கிறேன்.

நான் மதிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு டெல்லியில் செய்துகொண்ட ஒப்பந்தம். தஞ்சை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போய், கண்டிச் சீமையின் காடு வெட்டித் தேயிலை வளர்த்தவர்களின் வாரிசுகள், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரிமையில்லாதவர்களாக நின்றார்கள். அவர்கள் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டார்கள். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சீனப் போருக்குப் பிறகு பக்கத்து நாட்டோடு பகை வேண்டாம் என்பது இந்தியாவின் எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. அந்த மக்களின் கருத்தைக் கேட்காததுதான் குறை. தொண்டமான் போன்ற மலையகத் தலைவர்கள் எதிர்த்தார்கள், பலனில்லை.

பிறகு நடந்ததை இலங்கையின் தலைமன்னார் ரயில் பாதை அறியும். அண்ணன் பெயர் ஒரு பட்டியலில், தம்பி பெயர் இன்னொன்றில். ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் கட்டிக்கொண்டு அழுததால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறினார்கள். தாயகம் திரும்பியோர் என்று காகிதத்தில் எழுதினார்கள். அவர்களில் பலர் பிறந்து வளர்ந்தது மலையகத்தில். இந்த மண்ணை அவர்கள் பார்த்ததே இல்லை.

மக்களைக் கேட்காமல் இடம் மாற்றுவது உலகத்தில் இது முதல் முறையும் இல்லை. கிரேக்கத்தின் பிரதமராகப் பலமுறை இருந்த வெனிசெலோஸ், நாட்டை விரிவாக்கிய பெரிய ராஜதந்திரி என்று புகழ்பெற்றவர். 1923இல் லொசான் நகரில் துருக்கியோடு மக்கள் பரிமாற்ற உடன்பாட்டை கிரேக்கத்தின் சார்பில் பேசி முடித்தவர் அவர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்களும் லட்சக்கணக்கான முஸ்லிம்களும் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தார்கள். அங்கேயும் அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964 அக்டோபர் மாதக் கடைசியில் சாஸ்திரி குஜராத்தின் ஆனந்துக்குப் போனார். ஒரு கிராமத்தில் இரவு தங்கி, பால் கூட்டுறவு எப்படி நடக்கிறது என்று விவசாயிகளிடம் விசாரித்தார். அந்த விசாரிப்பிலிருந்து 1965இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பிறந்தது. மாடு வளர்ப்பவரைக் கேட்டு எடுத்த முடிவு நாட்டுக்கே பால் கொடுத்தது. தேயிலை பறித்தவரைக் கேட்காமல் எடுத்த முடிவு குடும்பங்களைப் பிரித்தது. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர், அதுவும் கறைபடியாத கையுடையவர். ஆகவே, தலைவர் நல்லவரா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. யாருடைய வாழ்வைப் பற்றி முடிவெடுத்தாரோ அவரைக் கேட்டாரா என்பதையும் சேர்த்தே எந்த ஆட்சியையும் எடைபோட வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மலையகத்திலிருந்து வந்த குடும்பம் இருந்தால், அங்குள்ள முதியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், எந்த ஆண்டு கப்பலேறினார்கள், அங்கே யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்று எழுதி வையுங்கள். 1964இல் கேட்காமல் விட்டதை இப்போதாவது நாம் கேட்போம்.