முதுமையில் நீரிழிவு: உணவும் நடையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு சற்று முன்னர் வாசிக்கப்பட்டது. நம் உடலின் வரவு செலவையும் பார்ப்போம் என்று நிர்வாகக் குழுவினர் எமக்கு இந்நேரத்தை ஒதுக்கியுள்ளனர். நாம் மருத்துவரல்லோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்ந்து, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

"அறுபதைக் கடந்தபின் என்ன பத்தியம், என்ன நடை? இருக்கும்வரை வாய்க்கு ருசியாக உண்டுவிட்டுப் போவோம்." இப்பேச்சை நம் தெருக்களில் அடிக்கடி கேட்கிறோம். இது தவறான எண்ணம் என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு மூன்று வேளையும் அரிசியே உணவு. காலையில் இட்லி, இடியாப்பம், பகலில் சோறு, இரவில் ஆப்பமோ மீண்டும் சோறோ. நம் பாட்டனார்களும் அரிசியைத்தான் உண்டனர். ஆயினும் அவர்கள் நாற்றுப் பறித்தனர், நட்டனர், கதிர் அறுத்தனர்; நாகப்பட்டினத்திற்கு நடந்தே சென்று திரும்பினர். உரலில் குத்திய, தவிடு முழுதும் நீங்காத அரிசியை உண்டனர். இன்று வயலில் அறுவடை இயந்திரமும், வாசலில் இருசக்கர வாகனமும் நிற்கின்றன. அரிசியோ நன்கு தீட்டப்பட்டு வெண்மையாக வருகிறது. வேலை குறைந்துவிட்டது; தட்டிலுள்ள சோறு குறையவில்லை. உண்ட மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதனைப் பெருமளவு ஈர்த்துச் செலவிடுபவை தசைகள். முதுமையில் தசை மெலிய மெலிய, சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

2023 ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவ்வாய்வின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது.

இதற்குத் தீர்வு என்ன? சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006 இல் வெளியான ஆய்வொன்று வழிகாட்டுகிறது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. அவர்கள் நடுத்தர வயதினர். முதியோர் நிலை என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002 இல் வெளியான இதேபோன்ற ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் நோயை 58 விழுக்காடு தடுத்தன. அறுபது வயதைக் கடந்தவர்களிடமோ 71 விழுக்காடு தடுத்தன! மாத்திரை அவ்வயதினருக்கு அந்த அளவு உதவவில்லை. "இனி என்ன பயன்" என்போருக்கு இதுவே விடை. நோய் வந்துவிட்டவர்களுக்கும் இவ்விரண்டும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கத் துணைபுரிகின்றன.

உணவு முறை எளிதே. தட்டில் பாதியளவு கீரையும் காய்களும், கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, எஞ்சிய கால் பங்கு மட்டும் சோறு. முதலில் காயையும் மீனையும் உண்டு, பிறகு சோற்றை உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. நம் கடற்கரையில் கிடைக்கும் மத்தி மீனைப் பொரிக்காமல் ஆணமாகச் சமைத்தால் மிக நன்று. திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் பரப்பிய மாப்பிள்ளைச் சம்பா போன்ற அரிசிகளில் நார்ச்சத்து மிகுதி. எனினும் அவையும் அரிசியே. அளவு மீறினால் சர்க்கரை ஏறும். கருப்பட்டியும் தேனும் அவ்வாறே. சிறுநீரகக் குறையுள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உணவை வகுத்துக்கொள்ள வேண்டும்.

நடை, வாரத்திற்கு 150 நிமிடங்கள் போதும். உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடப்பதும் பயன் தரும். முழங்கால் வலியுள்ளோர் நாற்காலியில் அமர்ந்து எழுவதைப் பத்து முறை செய்யலாம், தசை வலுப்பெறும். கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடவாதீர்கள். உணர்ச்சி மங்கிய பாதத்திற்குச் சுடுமணலும் தெரியாது, கிளிஞ்சல் கீறியதும் தெரியாது. ஒளுச் செய்யும்போதே பாதத்தைப் பார்த்து, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்துவிடுங்கள்.

இனி ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் இரவுணவைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினோம். ஃபஜ்ருக்குப்பின் வெறும் வயிற்றுடன் கடற்கரைக்கு நடந்தோம். பாதி வழியில் கை நடுங்கியது, வியர்வை பெருகியது, கண் இருண்டது. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவச் சகோதரர்கள் தாங்கிப் பிடித்து, சர்க்கரை கூட்டிய தேநீரைப் புகட்டினர். அவர்கள் இல்லையேல் இன்று உங்கள்முன் நின்றிருக்க மாட்டோம். பத்தியம் என்பது பட்டினியன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம். சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். தளர்ந்த முதியோருக்கு மூன்று மாதச் சராசரி அளவு 8 வரை இருந்தாலும் மருத்துவர்கள் ஏற்கின்றனர். ஆகவே மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டா, கூட்டவும் வேண்டா.

ரமளானுக்கு ஓரிரு மாதங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். சஹரைத் தவிர்க்காதீர்கள். நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை போதும். அதனுடன் வாடையும் சமோசாவும் அடுக்க வேண்டா. நோன்பு நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300ஐக் கடந்தாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. அதனை ஏற்பதில் வெட்கமில்லை.

நிறைவாக, நிர்வாகத்தாரிடம் இரண்டு கோரிக்கைகள். நிக்காஹ் விருந்துகளில் நெய்ச்சோற்றுடன் காய்களும் போதிய அளவு பரிமாறப்பட வேண்டும். வீட்டை விட்டு அதிகம் வெளிவராத நம் தாய்மார்கள் அச்சமின்றி நடக்க ஓர் இடமும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். அவர்களுக்கும் இந்நோய் உண்டு, நடப்பதற்கான வாய்ப்புத்தான் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மருந்து இல்லம் தேடி வருகிறது. நடையை மட்டும் எவரும் நம் இல்லத்திற்குக் கொண்டுவந்து தர இயலாது. அதற்கு நாமே எழ வேண்டும். இன்றிரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.